நெல்லை அளந்தவர் யார்?
தஞ்சை மராத்தியர் பாடம் – ஒரு வகுப்பறை அனுபவம்

எட்டாம் வகுப்பு சிறு தேர்வு ஒன்றில் ஐந்து மதிப்பெண் வினா ஒன்று கேட்டிருந்தேன். "தஞ்சையை ஆண்ட மராத்திய அரசர்களைக் கால வரிசையில் எழுதுக." பாடநூலைத் தாண்டி, நம் மாவட்டத்து வரலாறாயிற்றே என்று நானே கூடுதலாக நடத்திய பகுதி அது. இரண்டு வகுப்புகளில் பெயர்களையும் ஆண்டுகளையும் கரும்பலகையில் எழுதிப்போட்டு, பிள்ளைகளும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மாணவன் பிரதாப்சிங்குக்குப் பிறகு ஏகோஜியை எழுதியிருந்தான். இரண்டு சரபோஜிகளையும் ஒருவராக்கிவிட்டான். கீழே ஒரு வரி மட்டும் தெளிவாக இருந்தது: "ராஜா யாராக இருந்தாலும் நெல்லை அளந்தது குடியானவன்தான்." சிவப்பு மையால் அந்த வரியை அடித்துவிட்டு, ஐந்துக்கு ஒன்று போட்டேன்.

விடைத்தாளை வாங்கியவன் மாலையில் என்னிடம் வந்தான். "டீச்சர், வரிசை தப்புதான். கீழ எழுதுனதும் தப்பா?" என்றான். "கேள்விக்கு அது பதில் இல்லப்பா" என்றேன். "எங்க வயலு மூணு கை மாறிடுச்சு டீச்சர். மொதல்ல ஒரு ஐயருது, அப்புறம் கும்பகோணத்துக்காரர் வாங்குனாரு, இப்ப வேற ஒருத்தரு. தாத்தா காலத்துலேருந்து குத்தகை அளக்குறது நாங்கதான். அதான் எழுதுனேன்" என்றான்.

அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. நான் இருபது ஆண்டுகளாக நடத்தும் பாடத்தின் மையத்தை ஒரு குத்தகை விவசாயியின் பிள்ளை ஒரே வரியில் எழுதியிருக்கிறான். நான் அதை அடித்திருக்கிறேன். மறுவாரம் அந்தப் பாடத்தை மீண்டும் ஒருமுறை, வேறு விதமாக நடத்தினேன். அதை இங்கே பகிர்ந்துகொள்கிறேன். டெல்டா மாவட்டங்களில் பணியாற்றும் ஆசிரியர்களுக்கு நேரடியாகவும், மற்றவர்களுக்கு அவரவர் ஊர் பாளையத்தையோ சமஸ்தானத்தையோ நடத்த ஒரு மாதிரியாகவும் இது பயன்படலாம்.

நான்கு கேள்விகள்

இம்முறை பெயர்ப் பட்டியலைத் தொடக்கத்தில் எழுதவில்லை. கரும்பலகையில் நான்கு கட்டங்கள் போட்டேன்.

1. ஆட்சி எந்த வழியில் கை மாறியது? போரா, வாரிசு உரிமையா, தத்தா, ஒப்பந்தமா, விலையா?
2. இடையில் உதவிக்கு வந்தவர் யார்? அவர் கேட்ட கூலி என்ன?
3. அந்தக் கூலி எங்கிருந்து வந்தது?
4. எது மாறவில்லை?

பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் ஒவ்வொரு நிகழ்வையும் சுருக்கமாக எழுதி, குழுவுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். பிள்ளைகள் படித்து, பேசி, நான்கு கட்டங்களையும் நிரப்ப வேண்டும். நான் கொடுத்த நிகழ்வுகள் இவை.

முதல் தாள்: 1673 முதல் 1676 வரை

1673இல் மதுரை சொக்கநாத நாயக்கரின் படை தஞ்சையைத் தாக்கியது. தஞ்சை நாயக்கர்களில் கடைசியாக ஆண்ட விஜயராகவ நாயக்கர் போரில் இறந்தார். சொக்கநாதர் தம் தம்பி முறையான அழகிரியைத் தஞ்சையில் அமர்த்தினார். அழகிரியோ சில காலத்திலேயே மதுரைக்குக் கட்டுப்பட மறுத்துத் தனியாட்சி செய்யத் தொடங்கினார். நாயக்கர் வழிவந்த செங்கமலதாஸ் என்னும் சிறுவனுக்காகப் பீஜப்பூர் சுல்தானிடம் உதவி கேட்கப்பட்டது. சுல்தான் அனுப்பிய படைத்தலைவர் ஏகோஜி. இவர் சத்ரபதி சிவாஜியின் மாற்றாந்தாய் மகன், அதாவது தம்பி. சிறுவனுக்கு அரியணையை மீட்டுத்தர வந்த ஏகோஜி 1676இல் தாமே அதில் அமர்ந்தார்.

இந்தத் தாளைப் படித்த குழு சிரித்தது. "காவலுக்கு வந்தவரே வீட்டை எடுத்துக்கிட்டாரு டீச்சர்" என்றாள் ஒரு மாணவி. முதல் கட்டத்தில் "போர்", இரண்டாம் கட்டத்தில் "பீஜப்பூர் – கூலியாக ராஜ்யமே" என்று எழுதினார்கள்.

இரண்டாம் தாள்: 1736 முதல் 1739 வரை

ஏகோஜியின் மூன்று மகன்களும் ஒருவர் பின் ஒருவராக ஆண்டார்கள். சாகுஜி 1684 முதல் 1712 வரை, முதலாம் சரபோஜி 1728 வரை, துக்கோஜி 1736 வரை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாரிசுச் சண்டை இல்லை. அதன்பின் மூன்றே ஆண்டுகளில் அரியணை நான்கு பேரைக் கண்டது. துக்கோஜியின் மகன் இரண்டாம் ஏகோஜி ஓராண்டு ஆண்டு இறந்தார். அவர் மனைவி சுஜான்பாய் 1737இல் ஆட்சிக்கு வந்தார். 1738இல் காட்டுராஜா எனப்பட்ட இரண்டாம் சாகுஜி உரிமை கோரி வந்து அமர்ந்தார். 1739இல் அவரை நீக்கிவிட்டுப் பிரதாப்சிங் அரசரானார். கோட்டைத் தளபதி சையது இந்த மாற்றங்களில் பெரும்பங்கு வகித்தார்.

அரியணைக்குப் போட்டியிட்ட சாகுஜிக்குப் பணம் தேவைப்பட்டது. புதுச்சேரி பிரெஞ்சு ஆளுநர் தூமாவிடம் காரைக்காலைத் தருவதாக ஒப்புக்கொண்டார். அரியணை கிடைத்ததும் தயங்கினார். சந்தா சாகிப்பின் படை காரைக்காலைப் பிடித்து, 1739 பிப்ரவரியில் பிரெஞ்சுக்காரரிடம் கொடுத்தது.

இங்கே பிள்ளைகளின் கண் விரிந்தது. நம்மூர்ப் பிள்ளைகள் காரைக்காலுக்குப் போய்வருபவர்கள். தமிழ்நாட்டு மாவட்டங்களுக்கு நடுவே காரைக்கால் மட்டும் புதுச்சேரியைச் சேர்ந்ததாக ஏன் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. ஏறத்தாழ 285 ஆண்டுகளுக்கு முன் ஒரு வாரிசுச் சண்டைக்குக் கொடுத்த விலை இன்றும் எல்லைக் கோடாக வரைபடத்தில் இருக்கிறது. பேருந்து போகும் வழியில் பலகை மாறுவதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். இனி அதன் காரணமும் தெரியும்.

விலைக்குக் கை மாறிய இன்னோர் ஊரையும் இங்கே சேர்த்துச் சொன்னேன். 1620இல் இரகுநாத நாயக்கர் டேனிஷ்காரருக்கு அனுமதித்த தரங்கம்பாடியை, 1845இல் டென்மார்க் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டது. வங்காளத்து செராம்பூரையும் சேர்த்து விலை பன்னிரண்டரை லட்சம் ரூபாய்.

மூன்றாம் தாள்: கடன் பத்திரங்கள்

பதவி இழந்த சாகுஜி ஆங்கிலேயரிடம் உதவி கேட்டார். 1749இல் அவருக்காகப் படையெடுத்து வந்தவர்கள் கொள்ளிடத்தின் முகத்துவாரத்தில் இருந்த தேவிக்கோட்டையைப் பிடித்தார்கள். பிறகு பிரதாப்சிங்கோடு சமாதானம் பேசி, தேவிக்கோட்டையைத் தாங்கள் வைத்துக்கொண்டு, சாகுஜியைக் கைவிட்டார்கள். அதே ஆண்டின் இறுதியில் சந்தா சாகிப்பும் பிரெஞ்சுக்காரரும் தஞ்சைக் கோட்டையை முற்றுகையிட்டுப் பெருந்தொகைக்குப் பத்திரம் எழுதி வாங்கினார்கள். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி, 56 லட்சம் ரூபாய்க்கான அந்தப் பத்திரத்தைக் காட்டித்தான் தஞ்சையை மீண்டும் முற்றுகையிட்டார். கோட்டை விழவில்லை. 1762இல் ஆங்கிலேயர் நடுவே இருந்து செய்த ஒப்பந்தப்படி, தஞ்சை ஆற்காடு நவாப்புக்குப் பழைய பாக்கி 22 லட்சமும், ஆண்டுதோறும் 4 லட்சம் கப்பமும் கட்ட வேண்டியதாயிற்று.

மூன்றாம் கட்டத்தில் என்ன எழுதுவது என்று குழு திகைத்தது. "தஞ்சாவூர் ராஜாவுக்கு இவ்வளவு பணம் எங்கிருந்து வரும்?" என்று கேட்டேன். தங்கச் சுரங்கம் உண்டா? இல்லை. பெரிய துறைமுகங்கள் யார் கையில்? நாகப்பட்டினம் டச்சுக்காரரிடம், காரைக்கால் பிரெஞ்சுக்காரரிடம், தரங்கம்பாடி டேனிஷ்காரரிடம். பிறகு? "நெல்லுதான் டீச்சர்" என்றார்கள் பல குரலில்.

அப்போதுதான் மேல்வாரம், குடிவாரம் என்னும் இரு சொற்களைப் பலகையில் எழுதினேன். விளைச்சலில் அரசுக்கும் நில உரிமையாளருக்கும் போகும் பங்கு மேல்வாரம். உழுதவருக்கு மிஞ்சுவது குடிவாரம். கப்பம் ஏறினால் எந்த வாரம் குறையும் என்று நான் சொல்லவில்லை. அவர்களே சொன்னார்கள்.

நான்காம் தாள்: 1773 முதல் 1776 வரை

கப்பப் பாக்கியையும், மன்னர் துளஜாஜி இராமநாதபுரத்தின் மீது படையெடுத்ததையும் காரணம் காட்டி, நவாப் முகமது அலிக்காக ஆங்கிலேயப் படை 1771இல் தஞ்சையை முற்றுகையிட்டது. 1773 செப்டம்பரில் மீண்டும் வந்து கோட்டையைப் பிடித்தது. துளஜாஜி சிறையானார். தஞ்சை நவாப்பின் ஆட்சிக்குள் போனது. லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்கள் இதை ஏற்கவில்லை. ஆளுநர் பிகட் 1776 ஏப்ரலில் தஞ்சைக்கே வந்து துளஜாஜியை மீண்டும் அமர்த்தினார்.

உடனே பால் பென்ஃபீல்டு என்னும் கம்பெனி ஊழியர் ஒரு கோரிக்கையோடு வந்தார். நவாப்புக்கும் தஞ்சைப் பகுதி மக்களுக்கும் தாம் கடன் கொடுத்திருப்பதாகவும், அதற்கு ஈடாகத் தஞ்சையின் வருவாயும் வயலில் நிற்கும் பயிரும் தமக்கு எழுதிக்கொடுக்கப்பட்டிருப்பதாகவும் சொன்னார். தொகை இரண்டு லட்சத்து முப்பதாயிரம் பவுனுக்கு மேல். பிகட் மறுத்தார். அந்த ஆகஸ்டில் அவருடைய ஆட்சிக் குழுவினரே அவரைக் கைது செய்தார்கள். 1777இல் காவலில் இருந்தபடியே பிகட் இறந்தார்.

ஆளுநரையே கவிழ்த்த சண்டை எதற்காக? அறுவடைக்கு நின்ற தஞ்சாவூர் நெல்லுக்காக. இதைச் சொன்னபோது வகுப்பு அமைதியாகிவிட்டது. என் மாணவன் மட்டும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

ஐந்தாம் தாள்: 1781

ஆங்கிலேயரோடு போரிட்ட ஹைதர் அலியின் படை 1781இல் டெல்டாவுக்குள் வந்தது. தஞ்சைக் கோட்டை தவிர நாடு முழுவதும் அதன் கையில் சிக்கியது. நீர்நிலைகள் உடைக்கப்பட்டன, கால்நடைகள் ஓட்டிச் செல்லப்பட்டன, ஊர்கள் காலியாயின. "ஹைதர் கலாபம்" என்று டெல்டா மக்கள் நெடுங்காலம் பேசியது இதைத்தான்.

இங்கே ஆசிரியர்கள் கவனமாக இருக்க வேண்டும். பிள்ளைகள் எளிதில் இதை மதச் சண்டையாக எடுத்துக்கொள்வார்கள். முந்தைய தாள்களையே திருப்பிக் காட்டினேன். நாயக்கச் சிறுவனுக்கு உதவ மராத்தியரை அனுப்பியவர் ஒரு சுல்தான். மராத்திய அரியணைக்கு ஆளைத் தேர்ந்தவர் சையது. தஞ்சை நாயக்கரைக் கொன்றது மதுரை நாயக்கர் படை. நவாப்பிடம் நாட்டைக் கொடுத்தவரும் பறித்தவரும் ஆங்கிலேயரே. எந்தப் படை வந்தாலும் தின்றது ஒரே நெல்லைத்தான்.

ஆறாம் தாள்: 1787 முதல் 1799 வரை

துளஜாஜி 1787இல் இறக்கும் முன் சரபோஜி என்னும் சிறுவனைத் தத்தெடுத்தார். ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸ் அவருக்குக் காப்பாளரானார். ஆனால் அந்தத் தத்து செல்லாது என்று பண்டிதர்கள் சொன்னதாகக் காட்டி, துளஜாஜியின் தம்பி அமர்சிங்கைக் கம்பெனி அரசராக்கியது. பதினோரு ஆண்டுகள் கழித்து, வேறு பண்டிதர்களைக் கேட்டு, அதே தத்து செல்லும் என்று முடிவானது. 1798இல் இரண்டாம் சரபோஜி அரசரானார். 1799 அக்டோபர் 25இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. நாட்டு நிர்வாகம் முழுவதும் கம்பெனிக்குப் போனது. கோட்டையும் அதன் சுற்றுப்புறமும், ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் மன்னருக்கு.

முதல் கட்டத்தில் "தத்து" என்று எழுதிய குழு, சற்று யோசித்து "ஒப்பந்தம்" என்று பக்கத்தில் சேர்த்தது. இரண்டாம் கட்டத்தில் "கம்பெனி – கூலியாக நாடு" என்று எழுதியது. ஏகோஜிக்கு எழுதிய அதே விடை.

ஏழாம் தாள்: 1855

சரபோஜியின் மகன் சிவாஜி 1855 அக்டோபரில் ஆண் வாரிசு இன்றி இறந்தார். சதாரா, ஜான்சி, நாக்பூர் என்று வாரிசு இழப்புக் கொள்கைப் பாடத்தில் படிக்கும் அதே கதை இங்கும் நடந்தது. அரச பட்டம் முடிந்தது. அரண்மனைச் சொத்துக்களையும் கம்பெனி எடுத்துக்கொண்டது. அரசி காமாட்சிபாய் நீதிமன்றம் போனார். சென்னையில் வென்றார். 1859இல் லண்டன் பிரிவி கவுன்சில், இது அரசு தன் அதிகாரத்தால் செய்த செயல், நீதிமன்றம் விசாரிக்க இயலாது என்று தீர்ப்பளித்தது. தஞ்சை அரசி தொடுத்த இந்த வழக்கைச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கிறார்கள்.

இது நம் ஊரில் மட்டுமா?

"மற்ற நாட்டிலயும் இப்படித்தானா டீச்சர்?" என்ற கேள்விக்குச் சுவார்ட்ஸ் பாதிரியாரே வழிகாட்டினார். அவர் பிறந்த சோனன்பர்க் அன்று பிரஷ்ய மன்னரின் ஆட்சியில் இருந்தது. இன்று அது போலந்து நாட்டு ஊர். பெயரும் மாறிவிட்டது. அக்கால ஜெர்மனி ஒரே நாடாக இருக்கவில்லை. சில ஊர்களே கொண்ட குறுநிலங்கள் உட்பட நூற்றுக்கணக்கான ஆட்சிகள். அவை திருமணத்தால் சேர்ந்தன, பாகப்பிரிவினையால் உடைந்தன, அடகு வைக்கப்பட்டன, விற்கவும்பட்டன. நெப்போலியனிடம் இழந்த நிலத்துக்கு ஈடு கொடுப்பதற்காக, 1803இல் நூற்றுக்கும் மேற்பட்ட சிற்றாட்சிகள் பெரிய அரசுகளோடு இணைக்கப்பட்டன. அங்கேயும் உழுதவரிடம் யாரும் கேட்கவில்லை.

அதே 1803இல்தான் தஞ்சைப் பெரிய கோயிலில் இரண்டாம் சரபோஜி தம் போன்சலே குலத்தின் வரலாற்றை மராத்தி மொழியில் மிக நீண்ட கல்வெட்டாகப் பொறித்தார். நாட்டு நிர்வாகம் கையை விட்டுப் போய் நான்காண்டு ஆகியிருந்தது. பிள்ளைகளைக் கோயிலுக்கு அழைத்துச் சென்றபோது இந்தக் கல்வெட்டின் முன் நிற்கவைத்தேன். "அதிகாரம் போன பிறகு ஒரு மன்னர் ஏன் தம் குலத்தின் கதையைக் கல்லில் எழுதுகிறார்?" என்று கேட்டேன். "மறந்துடுவாங்கன்னு பயம்" என்றான் ஒருவன். அதைவிட நல்ல விடை எனக்கும் தெரியாது.

நான்காம் கட்டம்

எது மாறவில்லை என்ற கட்டத்தில் எல்லாக் குழுக்களும் ஏறத்தாழ ஒரே விடையை எழுதின: ஆறு, வயல், உழுதவர். ஆனால் அத்தோடு விட்டுவிட்டால் பாடம் பாதிதான். ஆட்சி மாறினால் எதுவுமே மாறாது என்ற எண்ணத்தோடு பிள்ளைகள் வெளியே போகக் கூடாது. சரபோஜி வளர்த்த சரஸ்வதி மகால் நூலகம் இன்றும் நமக்கு இருக்கிறது. நிர்வாகம் கைமாறிய பின் 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை, கொள்ளிடத்தில் வீணாக ஓடிய நீரைக் காவிரிக்குத் திருப்பியது. நல்லதும் கெட்டதும் ஆட்சியைப் பொறுத்தே வந்தன.

உழுதவரின் பங்கோ, அரசர் மாறியதால் உயரவில்லை. சட்டம் வந்தபோதுதான் அது பற்றிப் பேச்சே வந்தது. 1952இல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், 1956இல் நியாய வாரச் சட்டமும் வந்தன. அதற்கு முன் டெல்டாவில் விவசாயத் தொழிலாளர்களும் குத்தகைதாரர்களும் பல ஆண்டுகள் போராடியிருந்தார்கள். இதைச் சொன்னபோது, "அப்ப எங்க தாத்தாவும் வரலாத்துல இருக்காரா டீச்சர்?" என்று என் மாணவன் கேட்டான். "இருக்காருப்பா. பேர் எழுதலை, அவ்வளவுதான்" என்றேன்.

ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள்

இரண்டு பாடவேளையும் ஒரு களப்பயணமும் போதும். பெயர் வரிசையை முதலில் தராமல், அட்டவணை நிரம்பிய பிறகு பிள்ளைகளையே வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். அப்போது இரண்டு ஏகோஜியும் இரண்டு சரபோஜியும் குழம்பாது. ஒவ்வொருவருக்கும் ஒரு கதை இருக்கும்.

உங்கள் ஊர் சேதுபதி சீமையாகவோ புதுக்கோட்டையாகவோ எட்டயபுரமாகவோ இருக்கலாம். கேள்விகள் நான்கும் அங்கும் பொருந்தும். நெல்லுக்குப் பதில் பருத்தியோ உப்போ முத்தோ வரலாம்.

வீட்டுப் பாடமாக, தாத்தா பாட்டியிடம் தங்கள் ஊர் நிலம் கை மாறிய கதையைக் கேட்டுவரச் சொல்லலாம். வகுப்பில் சொல்லும்போது நில உரிமையாளர்களின் பெயரைத் தவிர்க்கச் சொல்லுங்கள். இரு தரப்புப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த விடைத்தாளைத் திரும்ப வாங்கினேன். வரிசை தவறியதற்குரிய மதிப்பெண்ணைக் கூட்டவில்லை. வரிசை தெரியாமல் 1787இன் தத்து வழக்கு விளங்காது என்பதை அவனும் ஏற்றுக்கொண்டான். கீழே எழுதிய வரியின் மேல் நான் போட்ட கோட்டுக்குப் பக்கத்தில், "இது சரி. ஆதாரங்களுடன் விளக்குக" என்று எழிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அடுத்த தேர்வில் அதையே ஐந்து மதிப்பெண் வினாவாகக் கேட்டேன். அவன் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். பென்ஃபீல்டு பெயரைத் தவறாக எழுதியிருந்தாலும் ஆண்டு சரியாக இருந்தது.